மூன்றரை வட்டிக்கு வாங்கும் மளிகை

கடிதம் எழுதியிருப்பவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வயது 36. கைக்கு வரும் சம்பளம் 31,000 ரூபாய். கணவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், சராசரி வருமானம் மாதம் 22,000. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். மாமியாரின் ஆபரேஷனுக்கு ஒரு கிரெடிட் கார்டைத் தேய்த்ததில் தொடங்கியது கடன். "19 மாதமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) ஏழாயிரம் கட்டுகிறேன். 1,33,000 ரூபாய் கட்டியாயிற்று. பாக்கி மட்டும் இன்னும் 1,46,215 என்று காட்டுகிறது. வங்கி ஏமாற்றுகிறதா? 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது சட்டவிரோதம் என்று படித்தேன். வழக்குப் போடலாமா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

அடுத்தது இரண்டாவது கார்டு. பள்ளிக் கட்டணத்துக்காக அதில் 15,000 ரூபாய் ரொக்கமாக எடுத்தது, பிறகு கடைச் செலவு என்று ஏறி, இன்று பாக்கி 46,300. இரண்டு மாதமாக அதற்கு எதுவும் கட்டவில்லை. வசூல் ஏஜென்ட் இரவு ஒன்பது மணிக்கு மேல் அழைக்கிறார், கொழுந்தனாருக்கும் போன் போட்டிருக்கிறார். "போலீஸ் வரும்" என்கிறார். கூடவே, "இன்று ஐந்து மணிக்குள் என் நம்பருக்கு 28,000 அனுப்பினால் கணக்கை முடித்துவிடுகிறேன்" என்றும் ஒரு பேரம். இந்தக் கார்டு இருப்பதே கணவருக்குத் தெரியாது. தாலிக்கொடி தவிர 8 பவுன் நகை உண்டு. மகள் படிப்புக்கென ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றும் ஓடுகிறது, 20 மாதத்தில் 12 முடிந்துவிட்டது. மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

சகோதரி, ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

பில்லில் என்ன நடக்கிறது

முதல் கார்டின் அக்டோபர் 18 பில். முந்தைய பாக்கி 1,41,200. அக்டோபர் 7 அன்று நீங்கள் கட்டியது 7,100. அந்த மாதம் மளிகை, பெட்ரோல், பிள்ளைகளுக்கு ஷூ என்று தேய்த்தது 6,350. வட்டி 4,886. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 879. புதிய பாக்கி 1,46,215.

கட்டிய 7,100-ல் 5,765 வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. அசலில் கழிந்தது 1,335 மட்டுமே. அதே மாதம் 6,350-க்குப் புதிதாக வாங்கியிருப்பதால் அந்த 1,335-ம் போய், மேலே ஐந்தாயிரம் ஏறிவிட்டது. இன்னொரு விதமாகவும் பாருங்கள்: ஒரு கையால் 7,100 கொடுத்து, மறு கையால் 6,350 திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்து வங்கிக்கு நிகரமாகப் போனது 750 ரூபாய். 19 மாதத்தில் 1,33,000 கட்டியது பொய்யில்லை. அதில் பெரும்பகுதி மளிகையாகவும் பெட்ரோலாகவும் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. வங்கி இதில் கணக்கை மாற்றி எழுதவில்லை. கணக்கே அப்படித்தான் போடப்படுகிறது.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மளிகைக்கு மட்டும் கார்டைப் பயன்படுத்துகிறேன், அதற்கு 45 நாள் வட்டி கிடையாது என்பதால்." நஷ்டத்தின் வேர் அந்த வரியில் இருக்கிறது. வட்டியில்லாக் காலம் என்பது போன பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும்தான். ஒரு ரூபாய் பாக்கி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். அதற்குப் பிறகு 14-ம் தேதி வாங்கிய அரிசி மூட்டைக்கு 14-ம் தேதியிலிருந்தே வட்டி ஓடும். 19 மாதமாக உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு துவரம்பருப்புப் பாக்கெட்டும் வட்டிக்கு வாங்கியதுதான்.

எத்தனை வட்டி? பில்லின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "மாதம் 3.5%" என்று இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியைச் சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் 13 காசு. அடகுக் கடைக்காரர் இரண்டு வட்டி சொன்னாலே எழுந்து வந்துவிடும் ஆட்கள்தான் நாம். ஆனால் பில்லில் "ஃபைனான்ஸ் சார்ஜஸ்" என்று அச்சடித்திருந்தால் அது வட்டியாகவே மனதில் பதிவதில்லை.

இன்றே தேய்ப்பதை நிறுத்திவிட்டு மினிமம் டியூ மட்டும் தொடர்ந்து கட்டினால் என்ன ஆகும்? மினிமம் என்பது பாக்கியில் சுமார் 5 சதவீதம். பாக்கி குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வரும். அதனால் கடன் பாதியாவதற்கே 64 மாதம் ஆகும், அதாவது ஐந்தேகால் வருடத்துக்கு மேல். பாதி மட்டும்தான், முழுதும் அல்ல. மினிமம் மட்டும் கட்டினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பில்லிலும் இருக்கிறது, பார்கோடுக்குக் கீழே.

மினிமம் கட்டினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், கெடாது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. தவணை தவறியதாகப் பதிவாகாது, உண்மை. ஆனால் உங்கள் லிமிட் 1,50,000. அதில் 97 சதவீதம் நிரம்பிக் கிடக்கிறது. விளிம்பு வரை நிரம்பிய கார்டு மாதாமாதம் ஸ்கோரைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

வழக்குப் போடலாமா

நீங்கள் படித்தது பழைய செய்தி. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டமும் வங்கிக் கார்டுக்குப் பொருந்தாது. ஆகவே வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்குப் போடாதீர்கள். வக்கீல் ஃபீஸும் கடனோடு சேர்ந்துகொள்ளும்.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடங்கள் இரண்டு, நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதியவற்றிலேயே இருக்கின்றன.

மே மாதம் டியூ டேட்டுக்கு மறுநாள் பணம் போய்ச் சேர்ந்ததற்கு முதல் கார்டில் 950 ரூபாய் தாமதக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தாமதம் என்று தெரிவிக்கலாம். ஒரு நாள் தாமதத்துக்குப் போட்டது தவறு. பணம் கழிந்த தேதியைக் காட்டும் வங்கிப் பதிவை இணைத்து மெயில் அனுப்புங்கள். கட்டணமும் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டியும் திரும்ப வர வேண்டும். (இந்த மூன்று நாளுக்கும் வட்டி உண்டு. எனவே இதைக் கூடுதல் அவகாசமாக எண்ணிப் பழக வேண்டாம்.)

இரண்டாவது கார்டில் மாதம் 299 ரூபாய் "பாதுகாப்புத் திட்டம்" என்று கழிகிறது, கேட்டதே இல்லை என்கிறீர்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டில் எந்தச் சேவையையும் ஏற்றக் கூடாது. "நான் சம்மதித்ததற்கான பதிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் தொடக்கத்திலிருந்து பிடித்த தொகையைத் திருப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்த 30 நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. கால் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். புகார் எண் வாங்கி, அதைக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது கார்டும் மிரட்டலும்

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். கார்டு பணம் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய வராது. வங்கி வழக்குப் போடலாம், சமரசம் பேசும் லோக் அதாலத்துக்கு அழைக்கலாம். நீதிமன்றத்தில் இருந்து வரும் உண்மையான நோட்டீஸை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் வேறு. கையெழுத்துப் போட்ட காசோலை எதையும் ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் அது செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவில் குற்ற வழக்காகும். ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்புவதற்கும் 2007-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அதேபோன்ற பிரிவு உண்டு. கடன் கட்டாதது குற்றமில்லை, செக் திரும்புவது குற்றமாகலாம். ஏஜென்ட் செக் கேட்பது எதற்கென்று இப்போது புரியும்.

வசூல் அழைப்புக்கு நேரம் உண்டு: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்வது, பலர் முன் அவமானப்படுத்துவது, மிரட்டுவது எல்லாமே ரிசர்வ் வங்கி தடை செய்தவை. இரவு வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டையும், கொழுந்தனாருக்கு வந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் சேர்த்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இனி அந்த 28,000 பேரம். ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பினால் பணமும் போகும், பாக்கியும் அப்படியே இருக்கும். உண்மையான செட்டில்மென்ட் என்றால் வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் கடைசித் தேதியும் எழுதிய கடிதம் முதலில் வரும். பணம் கார்டு கணக்குக்கு நேராகப் போகும். ஐந்து மணிக் கெடுவெல்லாம் அந்த மாதத்து டார்கெட்டுக்கான அவசரம்.

சரி, முறையான கடிதமே வந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். மிச்சமாவது 18,300 ரூபாய். ஆனால் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு "குளோஸ்டு" என்று பதிவாகாது, "செட்டில்டு" என்று பதிவாகும். அதாவது முழுதாகக் கட்டாதவர். அந்தப் பதிவு பல ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும். நீங்கள் மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர். 20 லட்சம், 20 வருடக் கடனுக்கு வட்டி எட்டரைக்குப் பதில் ஒன்பது என்று அரை சதவீதம் கூடினாலே மாதத் தவணை 638 ரூபாய் ஏறும். மொத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதல். விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பும் வங்கிகளும் உண்டு. வேலை போய், விற்க எதுவுமில்லாமல் நிற்பவருக்குச் செட்டில்மென்ட் சரியான வழி. உங்கள் நிலை அது இல்லை.

வேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: "பாக்கியை முழுதாக ஒரே தவணையில் கட்டுகிறேன். இரண்டு மாதத் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். கணக்கு குளோஸ்டு என்று பதிவாகும் என்பதை எழுத்தில் கொடுங்கள்." பல சமயம் சம்மதிப்பார்கள்.

இதில் காலம் முக்கியம். மினிமம் டியூ 90 நாளைக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். நீங்கள் அறுபதைத் தாண்டிவிட்டீர்கள். இன்னொன்று: உங்கள் சம்பளக் கணக்கும் இதே வங்கியில்தான். கார்டு பாக்கிக்காக அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும். சம்பளம் விழுந்த அன்றே எடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் அவர்கள் முந்திக்கொண்டால் வாடகைக்குத் திண்டாட வேண்டிவரும்.

சீட்டும் நகையும்

இரண்டு கார்டையும் சேர்த்து, கட்டும் நாள் வரையிலான வட்டியோடு சுமார் 1,97,000 தேவை. உங்களிடம் இதற்கு வழி இருக்கிறது. சீட்டைத் தொட மனமில்லை என்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீட்டில் இன்னும் எட்டு மாதம். இப்போது தள்ளி எடுத்தால், கடைசிக் கட்டத்தில் தள்ளுபடி குறைவாகவே இருக்கும் என்பதால், கைக்கு சுமார் 85,000 வரும் என்று வையுங்கள். கடைசிவரை காத்திருந்தால் கம்பெனிக் கமிஷன் போக 94,000 வாக்கில் கிடைக்கும். காத்திருப்பதில் லாபம் 9,000. ஆனால் அதே 85,000 கார்டில் பாக்கியாக நிற்கும் எட்டு மாதத்துக்கு வட்டியும் வரியும் சுமார் 28,000. மகளுக்காக 9,000 சேர்க்கப்போய் 28,000 கொடுக்கிறீர்கள். சீட்டை எடுங்கள். எடுத்த பிறகு ஜாமீன் கேட்பார்கள், பணம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதனால்தான் முதலில் நகை.

எட்டு பவுனில் ஐந்து போதும். தங்கம் கிராம் 8,000 என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 40 கிராமுக்கு 3,20,000 வரும். அதில் 75 சதவீதம் கடன் என்றால் 2,40,000. தேவைக்கு மேலேயே இருக்கிறது. அடகுக் கடைக்குப் போகாமல் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் நூற்றுக்கு எண்பத்து மூன்று காசு வட்டி. மூன்றரை வட்டியை எண்பத்து மூன்று காசுக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான் விஷயம்.

வைக்கும்போது ஒரே பொட்டலமாக வைக்காதீர்கள். மூன்று பவுனுக்கு 1,12,000, இரண்டு பவுனுக்கு 85,000 என்று இரண்டு கடனாக, இரண்டு ரசீதாகக் கேளுங்கள். சீட்டுப் பணம் வந்ததும் இரண்டாவது ரசீதைக் கொடுத்து அந்த இரண்டு பவுனை அப்படியே மீட்டுவிடலாம். ஒரே கடனாக இருந்தால் பாதி கட்டினாலும் நகை முழுவதும் உள்ளேயே இருக்கும். ரசீதில் கல் எடை கழித்த நிகர எடை சரியா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

மிச்சம் 1,12,000. 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 5,170. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து வட்டி 12,000 சொச்சம். முதல் கார்டு மட்டும் இரண்டே மாதத்தில் உங்களிடம் வாங்கியது 11,530. மாதத் தவணை இல்லை, ஒரு வருடத்தில் மீட்க வேண்டும் என்று வங்கி சொன்னால், நீங்களாகவே மாதம் 5,170-ஐக் கடன் கணக்கில் கட்டி வாருங்கள். வருட முடிவில் மீதிக்குப் புதுப்பிக்கலாம். எதுவும் கட்டாமல் வருடம் முடியட்டும் என்று விட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

இதில் ஒரு துண்டு விழுகிறது, மறைக்கப்போவதில்லை. இதுவரை கார்டுக்குப் போன 7,100 நிற்கும். ஆனால் நகைக்கடன் தவணை 5,170, கைக்காசில் மளிகை 6,350. கழித்துப் பார்த்தால் மாதம் 4,420 கூடுதலாக வேண்டும். உங்கள் குடும்பம் வருமானத்துக்கு மீறி வாழ்ந்து வந்திருக்கிறது, கார்டு அதை மறைத்து வைத்திருந்தது. இந்தத் தொகையை நீங்கள் தனியாகச் சமாளிக்க முடியாது.

அதனால் கணவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நகையை வைத்தால் தை பிறந்து முதல் முகூர்த்தப் பத்திரிகை வந்ததும் "ஆரம் எங்கே?" என்ற கேள்வி வரும். அப்போது பேச்சு 46,300 ரூபாயைப் பற்றி இருக்காது. இப்போது சொன்னால் கையில் கணக்கும் வழியும் இருக்கும். இந்தத் தாளையே முன்னால் வைத்துப் பேசுங்கள். கார்டில் ஏறியது மாமியாரின் ஆபரேஷனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும்தான்.

நகைக்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வழி: முதல் கார்டின் பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேளுங்கள். 16 சதவீதத்துக்குக் கொடுத்தால் 1,46,000-க்கு 24 மாதத் தவணை 7,150. இப்போது கட்டும் அதே தொகைதான், வட்டிப் பகுதிக்கு மட்டும் ஜிஎஸ்டி முதல் மாதம் 350 கூடி, பிறகு குறைந்துகொண்டே வரும். இரண்டு வருடத்தில் கடன் தீரும். அந்தச் சமயம் சீட்டுப் பணத்தை இரண்டாவது கார்டுக்குக் கொடுங்கள். மாற்றிய பிறகு அந்தக் கார்டில் எதையும் தேய்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஏழு நாள் ஆப் கடன்களையும், "கட்டுவதை நிறுத்துங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்கும் செட்டில்மென்ட் ஏஜென்சிகளையும் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

கட்டி முடிக்கும்போது

நிறையப் பேர் கடைசிப் படியில்தான் வழுக்குகிறார்கள். பில்லில் இருக்கும் 1,46,215-ஐ அக்டோபர் 30 அன்று கட்டிவிட்டு, கார்டை வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று வையுங்கள். பில் போட்ட 18-ம் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்கும் 12 நாள் வட்டி தனியாக ஓடியிருக்கும். 2,019 ரூபாய், ஜிஎஸ்டி 363. அடுத்த பில்லில் 2,382 என்று வரும். கார்டுதான் முடிந்ததே என்று மெயிலைத் திறக்காமல் விட்டால், அதற்குத் தாமதக் கட்டணம், அதற்கு மேல் வட்டி, கடைசியில் கடன் அறிக்கையில் தவணை தவறியவர். ஆகவே கட்டும் நாளில் வங்கியை அழைத்து "இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். வங்கியின் ஆப் வழியாக, கார்டு எண்ணுக்கு. பிறகு வரும் இரண்டு ஸ்டேட்மென்ட்டிலும் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன்பு கார்டில் தானாகக் கழிபவற்றைத் தேடி எடுங்கள்: மொபைல் ரீசார்ஜ், ஓடிடி, மளிகை ஆப்பில் சேமித்து வைத்த கார்டு. ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி பாக்கி முளைக்கும்.

இரண்டாவது கார்டை மூடிவிடுங்கள். பாக்கி இல்லாத கணக்கை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். முதல் கார்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் லிமிட்டை 30,000-க்கு இறக்கச் சொல்லி, ஆறு மாதம் பீரோவில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். இரண்டாவது கார்டு "குளோஸ்டு" என்று இல்லாவிட்டால் திருத்தம் கேளுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

எட்டு மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். அதன் பிறகு சீட்டுத் தவணை 5,000 முடிந்துவிடும். அதை அப்படியே நகைக்கடன் தவணையோடு சேர்த்துக் கட்டினால் 24 மாதம் 16 மாதமாகச் சுருங்கும். மூன்று பவுனும் வீட்டுக்கு வந்த மாதத்தில் மகள் பெயருக்கு அடுத்த சீட்டைப் போடுங்கள்.